எரிகோவுக்கு நான் போட்ட வழி

சுற்றுலாத் தொழிலில் புதிதாக நுழைந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். பேச வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடுமாம். வாஸ்தவம்தான். டிக்கெட் போடுவது, ஓட்டல் பிடிப்பது, விசாவுக்கு அலைவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும், அதை மூடி மறைக்க ஒரு அம்மாளிடம் சொன்ன பொய்யையும் எழுதுகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். அன்றைக்குத் திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டில் ஒரு செக்‌ஷன் முழுக்கக் கூடி நின்று சிரித்ததை நான் தாங்கிக்கொண்டவன்.

ஐம்பத்து மூன்றாம் வருஷக் கடைசி. கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி திருநெல்வேலிக்காரர். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் போகிறவர்களுக்குக் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுப்பதுதான் வியாபாரம். நான் கரமனை அக்கிரகாரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற குமாஸ்தா. வயது இருபத்தாறு. ஊர் ஊராக ஜனங்களை அனுப்பிவைத்த நான் அதுவரை கடல் தாண்டியதில்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் லண்டனில் பிறந்தவன் என்று நினைப்பீர்கள். அப்படி ஒரு வாய்.

அந்த மாதிரி நாளில்தான் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு போதகரும் ஒரு டீச்சரும் மாடி ஏறி வந்தார்கள். அந்தப் பகுதி அப்போது திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட நம் ராஜ்யத்தில்தான் இருந்தது. அவர்கள் சபையில் பதினான்கு பேர் சேர்ந்து வேதாகமத்து ஊர்களைப் பார்க்கப் போக வேண்டும். வெறும் கோயில்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப அவர்களுக்கு இஷ்டமில்லை. மண்ணைத் தோண்டிப் பழைய பட்டணங்களை வெளியே எடுக்கிறார்களே, அந்த இடங்களையும் பார்க்க வேண்டும். இந்தப் பயணத்துக்கே பிள்ளையார் சுழி போட்டவர் அந்த டீச்சர்தான் என்று போதகர் சொன்னார்.

ஞானபாய் டீச்சருக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சபையின் ஞாயிறு பள்ளியில் முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு எரிகோ கதை சொல்லிக் கொடுத்தவர். யோசுவா என்கிற தலைவன் பின்னால் இஸ்ரவேல் ஜனங்கள் எரிகோ பட்டணத்தை ஏழு நாள் சுற்றி வந்து, எக்காளம் ஊதி ஆர்ப்பரித்ததும் கோட்டைச் சுவர் அப்படியே இடிந்து விழுந்த கதை. அந்த எரிகோவைத் தோண்டுகிறார்கள், சுவர்கள் வெளியே தெரிகின்றன என்று ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். அதை என் மேஜைமேல் வைத்தார்.

“கண் டாக்டர் சொல்லியாச்சு சாரே. ரெண்டு கண்ணும் ஓரத்துலயிருந்து இருட்டிட்டு வருது. கூடிப்போனா ஒரு வருசம். அதுக்குள்ள இந்தச் சொவர எனக்க கண்ணால பாக்கணும்” என்றார்.

அழவில்லை, உருகவில்லை. ரேஷன் கடையில் அரிசி கேட்கிற குரலில் சொன்னார். “அது என் பொறுப்பு டீச்சர்” என்று மார்பைத் தட்டிக்கொண்டேன்.

இனி என் மேதாவித்தனத்தைக் கேளுங்கள். பயணத்துக்கு வழி போட வரைபடம் வேண்டுமே. ஆபீஸ் சுவரில் ஓர் உலகப்படம் தொங்கியது. அதில் அந்த நாடு முழுவதும் என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். போதகர் எனக்கு ஒரு தமிழ் வேதாகமம் கொடுத்திருந்தார். அதன் கடைசிப் பக்கங்களில் அழகான வண்ணப் படம். கலிலேயா பச்சை, சமாரியா மஞ்சள், யூதேயா ரோஸ். ஊர்கள் எல்லாம் பெரிய எழுத்தில். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து அந்தப் படத்தின்மேல் வைத்து வழி அளந்தேன். அதோடு நின்றேனா? சுவிசேஷத்தில் வருகிற வரிசையிலேயே அழைத்துப் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. முதலில் நாசரேத்து. அங்கிருந்து பெத்லகேம். பிறகு யோர்தான் நதி, திரும்பவும் வடக்கே கப்பர்நகூம், அப்புறம் எரிகோ, கடைசியில் எருசலேம் என்று படத்தின்மேல் பென்சிலால் கோடும் போட்டேன். ஒரு இந்துப் பையன் இப்படி வழி போட்டுக் கொடுத்தானே என்று போதகருக்குக் கண் கலங்கியது. சபையில் அதை வாசித்துக் காட்டியபோது பதினான்கு பேரும் கை தட்டினார்களாம். எனக்குத் தலை கால் புரியவில்லை.

நாற்பத்தெட்டில் யூதர்களுக்கும் அரபுக்காரர்களுக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு அந்த நாடு இரண்டாகக் கிடந்தது. நாசரேத்தும் கப்பர்நகூமும் இஸ்ரேல் பக்கம். பெத்லகேமும் எரிகோவும் பழைய எருசலேமும் ஜோர்டான் பக்கம். நடுவில் முள்கம்பி. எருசலேமில் ஒரே ஒரு வாசல் வழியாக யாத்திரிகர்கள் தாண்டலாம், அதுவும் ஒரு தடவை, ஒரு திசையில். என் நூல் அந்த முள்கம்பியை மூன்று தடவை தாண்டியிருந்தது. இதெல்லாம் பத்திரிகையில் வராத சங்கதியா? வந்தது. நானே படித்தேன். ஆனால் பத்திரிகையில் சண்டை நடக்கிற ஊரும், வேதாகமத்தில் இயேசு நடந்த ஊரும் ஒரே ஊர் என்று என் மரமண்டையில் ஏறவேயில்லை. இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். பக்தியோடு வருகிற வாடிக்கைக்காரர்களுக்கு வழி போடும்போது இந்தத் தவறு இன்றைக்கும் நடக்கும், ஜாக்கிரதை. அவர்கள் மனசில் இருக்கிற ஊர் ஒன்று. பஸ் போகிற ஊர் இன்னொன்று.

நாசரேத்து முதலில் வருகிறதல்லவா, அதனால் பதினான்கு பாஸ்போர்ட்டையும் முதலில் இஸ்ரேல் விசாவுக்குப் பம்பாய் அனுப்பினேன். ஜோராக முத்திரை குத்தி வந்தன. அடுத்தபடியாக, கப்பல் இறங்கிக் கடக்க வேண்டிய அரபு நாட்டு விசாவுக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. கூடவே, அங்கே எங்களுக்கு விசா வேலை பார்க்கிற பம்பாய் ஏஜெண்டின் கடிதம். இஸ்ரேல் முத்திரை உள்ள பாஸ்போர்ட்டை எந்த அரபு நாடும் ஏற்காது, இது தெரியாமல் எப்படித் தொழில் நடத்துகிறீர்கள் என்று கேட்டிருந்தார். கப்பலுக்கு இன்னும் ஐந்து வாரம்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏன் ஐயரே, வழி போட உமக்கு வேற புஸ்தகமே கெடைக்கலியா?”

“தப்பாப் போயிடுத்து சார்.”

“போயிருச்சு. இனி அழுது என்ன? இஸ்ரேல் பக்கம் மட்டும் போயிட்டு வரட்டும். வேற கப்பல் பாப்போம். எரிகோ பக்கம் கலாட்டா, பார்டர மூடிட்டான்னு சொல்லிரும். தெனம் பேப்பர்ல கலாட்டான்னுதான வருது, யாரு போயி விசாரிக்கப் போறா? நம்ம தப்புன்னு வெளிய தெரிஞ்சா இந்த ஊர்ல ஒருத்தன் நம்மகிட்ட சீட்டு எடுக்க மாட்டான். உமக்கும் வேல இருக்காது, சொல்லிட்டேன்.”

அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. அவருக்கு அது கடை. எனக்கும் வீட்டில் அம்மா, கல்யாணத்துக்கு நிற்கிற தங்கை. மறுநாள் காலை மார்த்தாண்டம் பஸ் ஏறினேன். பஸ் நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் பொய்யை நன்றாக மெருகேற்றிவிட்டேன். எந்த வார்த்தைக்கு எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பதுவரை.

டீச்சர் வீட்டில் கிறிஸ்துமஸ் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வாசலில் காகித நட்சத்திரம். போதகரும் அங்கேதான் இருந்தார். கருப்பட்டிக் காப்பியும் ஒரு தட்டு முந்திரிக்கொத்துப் பலகாரமும் என் முன்னால் வந்தன. நான் ஒத்திகை பார்த்தபடியே சொன்னேன். எல்லையில் கலவரம், ஜோர்டான் பக்கம் யாரையும் விடவில்லை, எரிகோவும் பெத்லகேமும் இந்தத் தடவை முடியாது, எங்களால் ஆனதெல்லாம் செய்து பார்த்துவிட்டோம்.

“கர்த்தருக்க சித்தம்” என்று போதகர் எழுந்துகொண்டார். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் தட்டை என் பக்கம் தள்ளினார். “நீங்க என்ன செய்வீங்க சாரே, பாவம். சண்டைக்காரனுவளுக்க எடையில போயி கெடந்து பாடுபட்டிருக்கிய. தின்னுங்க” என்றார். அலமாரியிலிருந்து அந்தப் பட அட்டையையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்து வந்து மேஜையில் வைத்தார். படத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இல்லை. “நான் இத நல்லாப் பாத்து வச்சுக்கிடுதேன். அது போரும்.”

அவர் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். கையில் எடுத்த முந்திரிக்கொத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். விடைபெற்று பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். திருவனந்தபுரம் பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து மணியடிக்காமல் காத்திருந்தார். நான் ஏறவில்லை. பெரிய தர்மசிந்தனை எல்லாம் ஒன்றும் இல்லை, நம்புங்கள். அந்த அம்மாள் எனக்காகப் பரிதாபப்பட்டுவிட்டாரே என்கிற வெட்கம். உடம்பெல்லாம் கூசியது. திரும்பி நடந்தேன்.

“டீச்சர், நான் சொன்னது பொய். கலாட்டாவும் இல்லை, ஒண்ணும் இல்லை. வழி போட்டது நான். தப்பு என்னோடது” என்று வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் சிரித்தபடி மன்னித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை.

“உமக்கு நாணமில்லியா ஓய்?” என்று கத்தினார். பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். “கண்ணு போவப்போற ஒருத்திய இருத்தி வச்சு, காப்பியும் குடிச்சுட்டு, பொய்யா சொல்லுதீரு? நான் உமக்கு வேண்டி இப்பந்தான் ஜெபம் பண்ணிட்டு எழும்புதேன்!”

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கி முடித்ததும் அவர் கேட்டார்: “செரி. இதுக்கு வழி உண்டா, இல்லியா? அதச் சொல்லும்.”

“புது பாஸ்போர்ட் வாங்கணும் டீச்சர். பழசை ரத்து பண்ணிட்டு. செக்ரட்டேரியட்ல கேட்டுப் பார்க்கலாம். ஆனா எதுக்குன்னு எழுதிக் கொடுக்கணும். யார் தப்புன்னும் எழுதணும்.”

“எழுதும்” என்றார். பேப்பரும் பேனாவும் மேஜைமேல் வந்து விழுந்தன. “இஞ்ச இருந்து எழுதும். வீட்டுக்குப் போனா உமக்கு மனசு மாறும்.”

எழுதினேன். முதலாளியிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அவர் திட்டியதில் பாதியை இங்கே அச்சில் போட முடியாது. கடைசியில், “கையெழுத்து உம்ம பேர்ல மட்டும் இருக்கட்டும். கடை பேரு வரப்பிடாது. கெடைச்சா நீரே அவங்களோட கூடப் போயி பத்திரமா கொண்டாந்து சேக்கணும். கெடைக்கலைன்னா இந்த மாடிப் படிய மிதிக்காதீரு” என்றார்.

செக்ரட்டேரியட்டுக்கு நான் மட்டும் போனால் போதும் என்றேன். டீச்சர் கேட்கவில்லை. முதல் பஸ் பிடித்து வந்து, வெள்ளைச் சேலையும் கையில் ஒரு குடையுமாக வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னை நம்ப அப்போது எந்த முகாந்திரமும் கிடையாது.

பாஸ்போர்ட் பிரிவின் அதிகாரி ஒரு நடுவயது மலையாளி. என் மனுவைப் படித்தார். புருவம் ஏறியது. மறுபடி படித்தார்.

“எந்தா சாமீ இது? கர்த்தாவின்டெ காலத்தெ மாப் நோக்கியாணோ டிக்கெட் எடுத்தது?”

கர்த்தர் காலத்து மேப்பைப் பார்த்தா டிக்கெட் எடுத்தாய் என்று கேட்டுவிட்டு அவரே வெடித்துச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐந்து நிமிஷத்தில் அந்த செக்‌ஷனே என்னைச் சுற்றி நின்றது. அந்த மேப்பைக் காட்டு பார்க்கலாம் என்று வேறு கேட்டார்கள். பையில் இருந்தது. காட்டினேன். நாசரேத்துக்கும் பெத்லகேமுக்கும் நடுவே நான் போட்ட பென்சில் கோட்டை ஆளாளுக்கு விரலால் தொட்டுப் பார்த்தார்கள். என் காது சிவந்து எரிந்தது. இப்போது நினைத்தால், அந்தச் சிரிப்புதான் காரியத்தைச் சாதித்தது. தப்பை முழுசாக, கோடு கோடாகக் காட்டிவிட்டால் எதிரே இருப்பவருக்குச் சந்தேகப்பட எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி, கப்பல் நாள் நெருங்கிவிட்டது, அடுத்த வருஷம் போகக் கூடாதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் எழுந்து மேஜைக்கு வந்தார்.

“அடுத்த கொல்லம் எனிக்கு கண்ணு காணில்லா, சாரே. ஈ கொல்லம் தன்னெ போணம்” என்றார். அடுத்த வருஷம் பார்வை இருக்காது, இந்த வருஷமே போயாக வேண்டும்.

அதிகாரி எழுந்து நின்றார். தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் ஏதோ எழுதினார். பதினைந்து நாளில் பதினான்கு புது பாஸ்போர்ட்டும் என் கைக்கு வந்தன. எனக்கும் ஒன்று. வழியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். முதலில் அரபுப் பக்கம், அங்கே எரிகோ. பிறகு அந்த ஒற்றை வாசல் வழியாக இஸ்ரேல் பக்கம். அதற்கான விசா, பாஸ்போர்ட்டில் முத்திரை விழாதபடி தனித் தாளில். இந்தத் தடவை மேஜைமேல் இருந்தது அந்த வருஷத்து வரைபடம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கப்பலில் எல்லாரும் வாந்தி எடுத்தோம். பாலைவன பஸ்ஸில் மண் தின்றோம். பெத்லகேமில் போதகர் தரையில் விழுந்து கும்பிட்டு வெகு நேரம் எழவில்லை. டீச்சர் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. படி இறங்கும்போது மட்டும் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். வேறு வழியில்லாமல் பிடிக்கிற பிடி.

எரிகோ, யோர்தான் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மாசியிலும் நம் ஊர் வெயில். நாங்கள் மனசில் வைத்திருந்தது கோட்டை. அங்கே இருந்தது செங்கல் சூளைக்கு மண் வெட்டிக் குதறிப் போட்ட மாதிரி ஒரு மேடு. அதன் நடுவே கிணறு போல ஆழமான ஒரு பள்ளம். கூடையில் மண் சுமந்து ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். தோண்டுகிற கூட்டத்தைச் சேர்ந்த ஓர் இளம் வெள்ளைக்காரர் எங்களுக்குச் சுற்றிக் காட்ட ஒப்புக்கொண்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும்.

பள்ளத்தின் கரையில் டீச்சர் என் முழங்கையைப் பிடித்து நின்றார். எதிர்ச் சுவரில் மண்ணுக்கு நடுவே பழைய மதில் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளைக்காரர் அதைக் காட்டிப் பேசினார். முன்பு தோண்டியவர்கள் இதை யோசுவா காலத்துச் சுவர் என்று நம்பினார்களாம். இப்போது பார்த்ததில் இது அவனுக்கும் சுமார் ஆயிரம் வருஷம் முந்தியதாம். யோசுவா காலத்துக்கு என்று சொல்ல ஒரு சுவரும் இங்கே கிடைக்கவில்லையாம்.

அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். டீச்சருக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது. போதகருக்குப் புரிந்துவிட்டது. அவர் என் பக்கம் நகர்ந்து வந்தார். என் காதருகே குனிந்து, “இதுதான்னு சொல்லிரும் சாமி. அந்த அம்மாளுக்குக் கண்ணு போற நேரம். புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினார். அவர் கண் நிறைந்திருந்தது.

“சாரே, அவரு என்ன சொல்லுகாரு? இதுதானா அந்தச் சொவரு?” டீச்சரின் முகம் அந்த மதில் பக்கமே திரும்பியிருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ஒரு முகத்திலும் பார்த்ததில்லை.

இந்த மாதிரி அரை நிமிஷம் உங்களுக்கும் வரும். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. இந்தப் பொய் உனக்காக இல்லையே, அந்த அம்மாளுக்காகத்தானே என்று மனசு நைச்சியம் பண்ணியது. மார்த்தாண்டம் பஸ்ஸிலும் அது இதையேதான் சொன்னது. பதினான்கு பேரும் பாதிப் பயணமாவது போகட்டுமே, அவர்கள் நல்லதுக்குத்தானே என்று. அதே குரல். எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் பயமாக இருந்தது. அந்த முகம் வாடுவதை நான்தானே நின்று பார்க்க வேண்டும்?

“இல்லை டீச்சர்” என்றேன். “இது யோசுவா காலத்துச் சுவர் இல்லையாம். அதுக்கும் ஆயிரம் வருஷம் முந்தினதாம். அவர் காலத்துச் சுவர் எதுவும் இங்கே கிடைக்கலையாம்.”

அவர் கை என் முழங்கையிலிருந்து விலகியது. பக்கத்தில் கிடந்த ஒரு கல்லில் மெதுவாக உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். போதகர் என்மேல் சீறினார். “நீர் யாரு ஓய், எங்க விசுவாசத்துல கை வைக்க? ஒரு வார்த்த சொல்ல உம்ம வாய்க்கு வலிச்சுதா?” மற்றவர்கள் என்னை ஏதோ கொலை செய்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நிமிஷம் நான் செய்தது சரி என்று என்னால் சத்தியமாகச் சொல்ல முடியாது.

எவ்வளவு நேரம் ஆனதோ, டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, நீங்க எல்லாரும் பஸ்ஸுல போயி இருங்க” என்று போதகரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “செரி. அப்ப இது யாரு கெட்டுனது? அந்தப் பிள்ளையிட்டக் கேளும்.”

கேட்டேன். வெள்ளைக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. யோசுவாவை எதிர்பார்த்து வந்து, இல்லை என்றதும் முகம் சுளித்துத் திரும்பிப் போகிறவர்களையே அவர் பார்த்திருந்தார் போலிருக்கிறது. டீச்சரோ ஒரு கேள்வி கேட்டு, அதற்கு மேல் இன்னொன்று கேட்டார். எந்த மண்ணுக்குக் கீழே எந்த மண்? என்ன தின்றார்கள்? செத்தவரை எங்கே புதைத்தார்கள்? மொழிபெயர்த்து என் வாய் வறண்டது. கடைசியில் கீழே இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் டீச்சர், பார்வை தடுமாறும் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. நான் முன்னால், வேலையாள் ஒருவர் பின்னால். மண்ணில் வெட்டிய படிகளில் ஒவ்வொரு அடியாக இறங்கினோம்.

அடியில் ஒரு வீட்டுச் சுவர் வெளியே தெரிந்தது. மேலே பார்த்த மதிலைவிட இன்னும் பல ஆயிரம் வருஷம் பழையது என்றார் வெள்ளைக்காரர். சூளையில் வைக்காத மண்கல். கையால் பிடித்து வெயிலில் காயவைத்தது. ஒவ்வொரு கல்லின் மேல்முகத்திலும் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். கல் செய்தவர்களின் கட்டைவிரல் தடமாம். டீச்சர் மண்டி போட்டார். கல்லுக்கு ஒரு ஜாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெள்ளைக்காரரிடம் அனுமதி கேட்கச் சொல்லிவிட்டு, ஒரு குழியில் தன் கட்டைவிரலை வைத்தார். அது உள்ளே நுழையவில்லை.

“சின்னக் கை” என்றார். “ஒரு பெண்ணுக்க கையா இருக்கும்.”

இரண்டு மணி நேரம் பஸ் காத்திருந்தது. டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். மேலே ஏறி வந்தபோது டீச்சரின் வெள்ளைச் சேலை முழங்கால்வரை எரிகோ மண்ணாக இருந்தது. போதகர் மீதிப் பயணம் முழுக்க என்னோடு பேசவில்லை. ஊர் திரும்பியதும் என்மேல் முதலாளிக்கு ஒரு நீண்ட புகார்க் கடிதம் வந்தது. முதலாளி அதைப் படித்துவிட்டு டிராயரில் போட்டார். “எல்லாரையும் உயிரோட கொண்டாந்துட்டீரு, போய் வேலையப் பாரும்” என்றார்.

ஐம்பத்தாறு நவம்பரில் மார்த்தாண்டம் பக்கமெல்லாம் மதராஸோடு சேர்ந்துவிட்டது. அதற்குச் சில வாரம் கழித்து வேறு வேலையாக அந்த வழி போனவன் டீச்சர் வீட்டில் இறங்கினேன். கண் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. என் குரலைக் கேட்டதும், “வாரும் மக்களே” என்றார். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஞாயிறு பள்ளியில் இப்போதும் எரிகோ கதை சொல்கிறாராம். கதையைச் சொல்லி முடித்துவிட்டு, அங்கே தோண்டியதில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்கிறாராம். அதனால் சபையில் சிலருக்கு அவர்மேல் கடுப்பு. அதைச் சொல்லி அவரே சிரித்தார்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அன்னைக்கு அந்தக் குழிக்க கரையில வச்சு போதகர் உமக்க காதுல என்னவோ சொன்னாரே. அப்ப எனக்கு அவ்வளவு கண்ணு தெரிஞ்சுது. என்னவாக்கும் சொன்னாரு?”

மூன்று வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. ஆனால் இந்த அம்மாளிடம் மறைக்கிற துணிச்சல் எனக்கு எப்போதோ போய்விட்டது. சொன்னேன்.

அவர் கட்டைவிரலை மற்ற விரல்களால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு எனக்கு நல்லதுதான் நெனச்சாரு, பாவம்” என்றார். “நீரு ஆமான்னு சொல்லியிருந்தா, மேல நின்னு அந்தச் சொவரப் பாத்துட்டு, சந்தோசமா போயி பஸ்ஸுல ஏறியிருப்பேன். கீழ எறங்கியிருக்க மாட்டேன் மக்களே.”